நீண்ட ஆயுள் டிஎன்ஏ கிட்: யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப நினைப்பவர்கள் வாங்கும் முன் வாசிக்கவும்

வெளிநாட்டிலிருந்து வருகிற பார்சல்களில் சொக்லேட்டுக்கும் விற்றமின் போத்தலுக்கும் நடுவில் இப்போது புதிதாக ஒன்று வரத் தொடங்கியிருக்கிறது. சின்னப் பெட்டி, உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய். அதில் துப்பி அனுப்பினால் நீங்கள் எவ்வளவு காலம் வாழக்கூடிய உடம்போடு பிறந்தவர் என்று சொல்வார்களாம். எங்கள் வீட்டுக்கு மூன்று வந்தன. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா வாங்கியனுப்பியது. அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. ஒன்றின் விலை இருநூறு கனேடிய டொலருக்குக் கிட்ட. கம்பனியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதே மாதிரிச் சோதனையை வேறு கம்பனிகளும் விற்கின்றன, நான் சொல்லப்போகும் குறைகளில் பெரியவை சோதனை செய்கிற முறையிலேயே இருப்பவை.

நான் ஏ.எல். வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன், அதனால் அறிக்கையை வரி வரியாக வாசிக்க ஆசையும் இருந்தது, பொறுமையும் இருந்தது. நேரமில்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆயுளைப் பற்றி அறிவதற்காக இதை வாங்க வேண்டாம். அதைவிட முக்கியம், இதில் "ஆபத்து இல்லை" என்று வருவதை நம்பி எங்கள் ஆட்கள் யாரும் இரத்தப் பரிசோதனையை விட்டுவிட வேண்டாம். இந்த இரண்டாவது விசயத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

சரி, கிட். செய்முறை சுலபம். அரை மணித்தியாலம் முன்னிருந்தே எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, பிறகு குழாயில் கோடு போட்ட இடம் வரைக்கும் துப்பல் சேர வேண்டும், நுரை கணக்கில் வராது. மூடியை இறுக்கினால் அதற்குள் இருக்கும் திரவம் கலந்து டிஎன்ஏ பழுதாகாமல் காக்கும், ஆகவே எங்கள் ஊர் வெக்கைக்குப் பயப்படவோ பிரிட்ஜில் வைக்கவோ தேவையில்லை. அம்மாவுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. வயது போனவர்களுக்கு வாய் வறளும், சில குளிசைகள் எடுத்தால் இன்னும் கூட. கன்னத்தை வெளிப்பக்கமாக மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தால் ஊறும், அவசரப்படுத்தக் கூடாது. திருப்பி அனுப்புவதுதான் பெரிய தலையிடி. விற்கும் பக்கத்தில் "உலகம் முழுவதும்" என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் இலங்கையிலிருந்து அனுப்ப லேபல் கிடையாது. உடம்பிலிருந்து எடுத்த சாம்பிள் என்றதும் கூரியரில் ஏற்கவில்லை. கடைசியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த அண்ணாவின் சிநேகிதர் ஒருவர் திரும்பும்போது கொண்டுபோய் ரொறன்ரோவில் தபாலில் போட்டார். அப்படி ஒருவர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கம்பனி யோசித்ததாகத் தெரியவில்லை.

அறிக்கை இணையத்தில் வந்தது. பார்க்க அழகு, நிறம் நிறமாக, கைபேசியில் வாசிக்கவும் வசதி. ஆனால் அது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மனித மரபணுத் தொகுதியில், அதாவது எங்கள் முழு டிஎன்ஏயில், ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்கள் (டிஎன்ஏயை ஆக்கும் இரசாயனக் கூறுகளை அப்படிச் சொல்வார்கள்). எந்த இரண்டு பேரை எடுத்தாலும் ஆயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் வேறுபாடு, ஆனாலும் மொத்தத்தில் அது இலட்சக்கணக்கில் வரும். இந்தக் கிட் எல்லாவற்றையும் வாசிப்பதில்லை. ஏற்கெனவே குறித்துவைத்த ஆறேழு இலட்சம் இடங்களை மட்டும் சிப் என்ற சின்னத் தகட்டில் வைத்துப் பார்க்கிறது. அந்த இடங்களுக்கு அர்த்தம் சொல்கிற ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துச் செய்தவை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

துப்பலோடு குடும்ப விபரப் படிவம் ஒன்றும் நிரப்ப வேண்டும். அப்பா வழி, அம்மா வழி, யார் எத்தனை வயதில் இறந்தார்கள், எதனால் இறந்தார்கள். காரணத்துக்குத் தெரிவுகள் தந்திருந்தார்கள்: இருதய நோய், புற்றுநோய், பக்கவாதம், மறதிநோய், விபத்து, வேறு, தெரியாது. அம்மாவும் நானும் அந்தப் பக்கத்துக்கு முன்னால் நெடுநேரம் இருந்தோம். அப்பப்பா 1987இல் போரில் செல் (எறிகணை) விழுந்து இறந்தவர், அறுபது வயதைக் கொஞ்சம் தாண்டியிருந்தார், காய்ச்சல் என்று படுத்துக்கூட ஒருவரும் பார்த்ததில்லை. அப்பம்மா, 1995 ஒக்டோபர் கடைசியில் போருக்குப் பயந்து வலிகாமமே ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது கூட்டத்தோடு நடந்தவர், போன இடத்தில் வயிற்றோட்டம் வந்து மருந்தில்லாமல் போய்விட்டார். அப்பாவின் மூத்த தமக்கை பற்றி எழுத எங்களுக்கு வயதும் இல்லை, திகதியும் இல்லை. அம்மம்மா தொண்ணூறைத் தாண்டினார் என்பது நிச்சயம், எத்தனை என்று ஒருவராலும் சொல்ல முடியாது, பிறப்புச் சான்றிதழ் வீட்டோடு போனது. இவர்கள் எல்லோருக்கும் "வேறு" என்று குறித்தோம். அறிக்கையில் அது இப்படி வந்தது: "உங்கள் தந்தை வழியில் சராசரியைவிடக் குறைந்த ஆயுள் காணப்படுகிறது."

எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. மனிதருக்கு அது நோகும் என்பது ஒருபக்கம் இருக்கட்டும், அறிவியலாகவும் அது பிழை. ஏன் பிழை என்று கொஞ்சம் விளக்க வேண்டும்.

ஆயுளில் பரம்பரையின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் நெடுங்காலம் சொல்லப்பட்ட விடை "கால்வாசி". அது டென்மார்க்கிலிருந்து வந்தது. 1870க்கும் 1900க்கும் இடையில் பிறந்த 2872 சோடி இரட்டையரை ஒப்பிட்டு 1996இல் வெளியிட்டார்கள், ஆண்களில் 26 வீதம், பெண்களில் 23 வீதம். பிறகு 2018இல் கலிகோ, அன்செஸ்ட்ரி என்ற இரண்டு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 40 கோடிக்கு மேற்பட்டவர்களின் குடும்ப மரங்களை எடுத்துப் பார்த்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது: இரத்த உறவே இல்லாத மைத்துனர் மைத்துனிகளின் ஆயுள்கூட ஒத்துப்போகிறது. காரணம், மனிதர் தங்களைப் போன்றவர்களையே கட்டுகிறார்கள். சம்பந்தம் பேசும்போது ஊர், படிப்பு, உத்தியோகம், குடும்பம் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிற எங்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. அந்தப் பொருத்தத்தின் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மரபணுவுக்கு மிஞ்சியது 10 வீதத்துக்கும் கீழே.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அண்மையில் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்து ஆய்வாளர்கள் மறுபக்கத்திலிருந்து கேட்டார்கள்: விபத்து, தொற்றுநோய், வன்முறை என்று வெளியிலிருந்து வந்து ஆளைக் கொண்டுபோகும் சாவுகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால்? அப்போது பரம்பரையின் பங்கு ஏறக்குறைய 50 வீதம் வரைக்கும் போகிறது என்கிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் போலத் தெரியும், ஆனால் இரண்டும் அளப்பது வேறு வேறு. பரம்பரைப் பங்கு என்பது தனி மனிதருக்கு உரிய எண்ணே இல்லை. ஒரு சனத்தொகையில், ஒரு காலத்தில், ஆளுக்காள் ஆயுள் ஏன் வேறுபடுகிறது என்பதில் மரபணு வேறுபாட்டுக்கு எவ்வளவு இடம் என்று மட்டும் அது சொல்லும். வெளியிலிருந்து வரும் சாவு கூடக் கூட அந்த இடம் சுருங்கும். இதை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். மூன்று தலைமுறை செல்லிலும் இடப்பெயர்விலும் மருந்துத் தட்டுப்பாட்டிலும் போன குடும்பத்தில் இறந்த வயதை வைத்து மரபணுவைப் பற்றி எதைச் சொல்ல முடியும்? அப்பப்பாவின் உடம்பு எத்தனை வயதுவரை தாங்கியிருக்கும் என்பது எவருக்கும் தெரியப்போவதில்லை. அந்த இடத்தில் "போதிய தகவல் இல்லை" என்று எழுதுவதுதான் நேர்மை. படிவத்தில் போர் என்று ஒரு தெரிவு வைப்பது கம்பனிக்குப் பெரிய வேலையும் இல்லை. உலகத்தில் அந்தத் தெரிவு தேவைப்படும் குடும்பங்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன.

அடுத்து, அறிக்கையின் முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டிருக்கும் "ஆயுள் புள்ளி". எனக்கு நூற்றுக்கு 68, தம்பிக்கு 71, அம்மாவுக்கு 49. அம்மா சாதகத்தைக் கொண்டுபோய் ஆயுள் ஸ்தானம் கேட்கிற அதே முகத்தோடுதான் கேட்டார்: "பிள்ளை, இதில எத்தினை வயசு மட்டும் இருப்பன் எண்டு போட்டிருக்கோ?" போடவில்லை அம்மா, போடவும் முடியாது. இப்படியான புள்ளிகளுக்கு அடிப்படையான ஆய்வுகளில் பெரிதான ஒன்று 2019இல் வந்தது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பெற்றோரின் ஆயுளை, அவர்களுடைய பிள்ளைகளின் டிஎன்ஏயோடு பொருத்திப் பார்த்தார்கள், பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். புள்ளியில் மேல் பத்து வீதத்தில் இருப்பவர்களுக்கும் கீழ்ப் பத்து வீதத்தில் இருப்பவர்களுக்கும் இடையில் சராசரியாக ஐந்து வருடம் வித்தியாசம். அவ்வளவுதான். இரண்டு அந்தத்துக்கும் இடையிலேயே ஐந்து வருடம் என்றால் 68க்கும் 71க்கும் இடையில் ஒன்றும் இல்லை. அதிலும் ஐரோப்பியரிடம் செய்த கணக்கை எங்களுக்குப் போட்டால் துல்லியம் இன்னும் குறையும்.

இதே ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்கள் 2017இல் சொன்ன வேறு எண்களை அந்த முதல் பக்கத்தில் போட்டிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரட் வாழ்நாள் முழுக்கப் பிடித்தால் சராசரியாக ஏழு வருடம் குறைகிறது. தேவைக்கு மேலான ஒவ்வொரு கிலோவுக்கும் இரண்டு மாதம். பள்ளிக்கூடத்துக்கு அப்பால் படிக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் ஏறக்குறைய பதினொரு மாதம் கூடுகிறது. இந்தக் கடைசி எண்ணை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். சிகரட் கணக்கிலும் மரபணு உண்டு என்பதைக் கவனியுங்கள். நிக்கொட்டின் ஒட்டும் ஏற்பியைச் செய்கிற மரபணுவில் ஒரு மாறுபாடு இருப்பவர்கள் கூடப் புகைக்கிறார்கள், விடச் சிரமப்படுகிறார்கள், அதனால் ஆயுள் குறைகிறது. புகைக்காதவரிடம் அதே மாறுபாடு இருந்தால் ஆயுளுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆயுள் மரபணு என்று பெயர் வைத்திருப்பவற்றில் எத்தனையோ இப்படித்தான் வேலை செய்கின்றன, நேராக வயதைத் தொடுவதில்லை.

எனக்கு ஃபொக்ஸோ3 மரபணுவுக்காக ஒரு தங்க நிறப் பதக்கம் போட்டிருந்தார்கள், "நூறாண்டு மரபணு" என்று. இது பொய்யான மரபணு இல்லை. ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்களிடம் 2008இல் கண்டுபிடித்தார்கள், அடுத்த வருடமே ஜேர்மனியரிடமும் அந்தத் தொடர்பு தெரிந்தது. பல இனக்குழுக்களில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஆயுள் மரபணுக்கள் என்றால் இதுவும், கீழே நான் சொல்லப்போகும் ஏபிஓஈ என்ற மரபணுவும்தான் முதலில் நிற்பவை. ஆனால் அந்த நல்ல வடிவம் சாதாரண சனத்தில் நிறையப் பேரிடம் இருக்கிறது, அவர்களில் மிகப் பெரும்பான்மையானவர்கள் நூறைப் பார்ப்பதில்லை. பதக்கம் தேவையில்லாதது.

நூறு வயதைத் தொடுபவர்கள் விசயத்தில் மரபணுவின் கை நிச்சயமாகப் பெரிது, அதை நான் மறுக்கவில்லை. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் நூறு வயதுக்காரரைப் பற்றி நடக்கும் ஆய்வில், அவர்களுடைய சகோதரர்கள் நூறைத் தொடும் வாய்ப்பு அதே காலத்தில் பிறந்த மற்ற ஆண்களைவிட 17 மடங்கு, சகோதரிகளுக்கு 8 மடங்கு என்று கண்டார்கள். நியூயோர்க்கில் நிர் பார்சிலாய் என்ற முதுமை ஆய்வாளரின் குழுவினர் 95 தாண்டிய அஷ்கெனாசி (ஐரோப்பிய வம்சாவளி) யூதர்களிடம் கேட்டபோது, அவர்களும் மற்றவர்களைப் போலவே புகைத்திருக்கிறார்கள், குடித்திருக்கிறார்கள், உடம்பு வைத்திருக்கிறார்கள். அப்படியானவர்களை ஏதோ ஒன்று காப்பாற்றுகிறது. ஆனால் அந்த ஏதோ ஒன்றை ஒரு சிப்பில் பிடிக்க முயன்று என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2010இல் 150 மாறுபாடுகளை வைத்து ஒருவர் நூறைத் தொடுவாரா என்று 77 வீதம் சரியாகச் சொல்லலாம் என்று சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. பயன்படுத்திய சிப்புகளில் குறைபாடு இருந்தது தெரியவந்து 2011இல் அந்தக் கட்டுரையை ஆசிரியர்களே திரும்பப் பெற்றார்கள். சிப் சொல்வதெல்லாம் அச்சில் வந்துவிட்டது என்பதற்காக உண்மையாகிவிடாது.

ஏபிஓஈ விசயத்தில் கம்பனி செய்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. 19ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கும் இந்த மரபணு இரத்தத்தில் கொழுப்பைக் காவும் ஒரு புரதத்தைச் செய்கிறது. அதற்கு ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று வடிவம், இரண்டே இரண்டு இடங்களில் உள்ள எழுத்து மாற்றத்தால் வருவது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஆளுக்கு இரண்டு பிரதி இருக்கும். ஈ3தான் அநேகருக்கு. ஈ4 இருந்தால் அல்சைமர் மறதிநோயும் இருதய நோயும் வரும் வாய்ப்புக் கூடும், ஈ2 அதற்கு மாறாகக் காக்கும். இது பாரதூரமான செய்தி என்பதால் "பார்க்க விரும்புகிறீர்களா" என்று முதலில் அனுமதி கேட்கும் பக்கம் ஒன்று வைத்திருக்கிறார்கள், அது சரியான செயல். அம்மா வேண்டாம் என்றார். "தெரிஞ்சு நான் என்ன செய்யப்போறன், சும்மா யோசிச்சுக்கொண்டு இருக்கவோ?" அவருடைய முடிவு, நாங்கள் திறக்கவில்லை. ஆனால் மொத்தச் சுருக்கம் என்று வந்த கோப்பில், அனுமதி ஒன்றும் கேட்காமல், செம்மஞ்சள் நிறத்தில் "மறதிநோய்: கவனம், ஒரு ஈ4" என்று எழுதியிருந்தது. எழுபத்தாறு வயது மனுசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் தானே வாசித்தார்.

ஒரு ஈ4 இருப்பது விதி இல்லை என்பதை அம்மாவுக்குப் பல நாள் விளக்க வேண்டியிருந்தது, உங்கள் வீட்டிலும் யாருக்காவது தேவைப்பட்டால் என்பதற்காக இங்கேயும் எழுதுகிறேன். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் ஒரு ஈ4 இருந்தால் ஆபத்து மூன்று மடங்கு அளவில், இரண்டு இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு அளவில் என்று சொல்லப்படுகிறது. ஒரு ஈ4 உள்ள பலர் தெளிந்த புத்தியோடே கடைசிவரை இருந்து போகிறார்கள், ஈ4 இல்லாமலே மறதிநோய் வந்தவர்களும் ஏராளம். ஈ4இன் பலம் எல்லா இனக்குழுவிலும் ஒன்றுபோல இல்லை, ஆபிரிக்க வம்சாவளியினரிடம் அது ஐரோப்பியரைவிடக் குறைவாகத் தெரிந்திருக்கிறது. பிரஷரையும் சீனியையும் கட்டுப்படுத்துவது, நடப்பது, காது கேட்கக் குறைந்தால் கருவி போடுவது, ஆட்களோடு கதைத்துப் பழகுவது எல்லாம் மறதிநோய் ஆபத்தைக் குறைப்பவை. இதையெல்லாம் சொல்லப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல், விளக்கத்துக்கு ஒரு தொலைபேசி இலக்கம்கூடத் தராமல், அந்தச் செம்மஞ்சள் வரியை மட்டும் ஒரு வயதான மனிதரின் கையில் கொடுப்பது கொடுமை.

இனித் தம்பியின் அறிக்கை.

எங்கள் அப்பா ஐம்பத்துநான்கில் மாரடைப்பில் போனவர். மெலிந்த உடம்பு, தோட்டம் செய்தவர், சுருட்டைத் தொட்டதில்லை. அப்பாவின் தம்பிக்கு ஐம்பது ஆக முதலே பைபாஸ் செய்ய வேண்டிவந்தது. ஆகவே அறிக்கை வந்தவுடன் நான் திறந்தது தம்பியின் இருதயப் பக்கத்தைத்தான். எல்பிஏ மரபணு, "ஆபத்தான வடிவம் காணப்படவில்லை", பக்கத்தில் பச்சை அடையாளம்.

எல்பிஏ ஏன் முக்கியம் என்றால், இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் காவும் துணிக்கையோடு இன்னொரு புரதமும் ஒட்டிய ஒரு வகைத் துணிக்கை இருக்கிறது, பெயர் லிப்போபுரோட்டீன் ஏ, வைத்தியர்கள் எல்பி லிட்டில் ஏ என்பார்கள். அது கூடினால் குழாய் அடைப்பும் மாரடைப்பும் கூடும், இருதய வால்வும் இறுகும். சாப்பாட்டாலோ உடற்பயிற்சியாலோ அதன் அளவு பெரிதாக மாறாது. ஒருவரிடம் அது எவ்வளவு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் எல்பிஏ என்ற ஒரே மரபணு தீர்மானிக்கிறது, பிறந்து சில வருடத்தில் நிலைத்துவிடும், பிறகு வாழ்நாள் முழுக்க அதேதான். தெற்காசியரிடம் சராசரி அளவு ஐரோப்பியரைவிடக் கூட. மெலிந்த, புகைக்காத, தோட்டத்தில் வேலை செய்த மனிதருக்கு ஐம்பதுகளில் ஏன் மாரடைப்பு என்ற கேள்விக்கு இதுவும் ஒரு விடையாக இருக்கலாம்.

கிட் இந்த மரபணுவில் பார்ப்பது இரண்டே இரண்டு எழுத்து மாறுபாடுகளை. ஐரோப்பியரிடம் அவை நல்ல அடையாளங்கள். ஆனால் அவற்றில் முக்கியமானது தெற்காசியரிடம் மிக அரிது. அதோடு, அளவைத் தீர்மானிக்கும் பெரிய காரணம் வேறொன்று: அந்த மரபணுவுக்குள் ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது, எத்தனை தடவை என்பது ஆளுக்காள் மாறும், தடவைகள் குறைந்தால் புரதம் சிறிதாகும், சிறிதானால் இரத்தத்தில் அளவு கூடும். தனி எழுத்துக்களைப் பார்க்கும் சிப் இந்தத் தடவைகளை எண்ணுவதில்லை. ஆகவே தம்பிக்குக் கிடைத்த பச்சை அடையாளத்தின் முழு அர்த்தம், ஐரோப்பியரிடம் தேடும் அந்த இரண்டு அடையாளமும் இவரிடம் இல்லை என்பது மட்டும்தான். அறிக்கையில் எங்கேயும் அப்படி எழுதியில்லை.

நான் தம்பியை இரத்தம் கொடுக்கச் சொன்னேன். "அக்கா, இருநூறு டொலர் குடுத்துப் பாத்து ஒண்டுமில்லை எண்டு வந்திட்டுது, பிறகேன் ஊசி?" என்றான். அவன் கேட்டதில் பிழையில்லை. இதை வாங்குகிற ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைப்பார்கள். அப்பாவின் பெயரைச் சொல்லி அம்மா கெஞ்சித்தான் அவனை அனுப்ப வேண்டியிருந்தது. இங்கே தனியார் ஆய்வுகூடத்தில் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தார்கள், செலவு கிட்டின் விலையில் ஒரு சின்னப் பங்கு. டெசிலீற்றருக்கு 50 மில்லிகிராம் தாண்டினால் ஆபத்துக் கூட என்று எடுக்கிறார்கள். தம்பிக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே. பிறகு எல்லாம் வேகமாக நடந்தது, ஈசிஜி, எக்கோ, மற்றக் கொழுப்பைக் குறைக்க ஸ்ரற்றின் குளிசை. எல்பி லிட்டில் ஏயையே குறைக்கும் மருந்துகள் இன்னும் பரிசோதனை நிலையில்தான் இருக்கின்றன, அதனால் இப்போதைக்கு மற்ற ஆபத்துக்களை இறுக்கிப் பிடிப்பதுதான் வழி என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். ரொறன்ரோவில் அண்ணாவும் உடனே போய்ப் பார்த்தார், அவருக்கும் கூட. எனக்கு இல்லை. ஐரோப்பிய இருதய வைத்தியர் சங்கம் 2019இலேயே வாழ்நாளில் ஒரு தடவையாவது எல்லா வயதுவந்தவர்களும் இதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஒரே ஒரு தடவைதான், அளவு மாறாது.

இதே மாதிரி இன்னொன்றும் அறிக்கையில் இல்லை. எம்வைபிபிசி3 என்ற இருதயத் தசை மரபணுவில் 25 எழுத்துக்கள் காணாமல் போன ஒரு வடிவம் தெற்காசியரில் நூற்றுக்கு நான்கு பேரளவில் இருக்கிறது, வயது போகப் போக இருதயத் தசை பலவீனமாகும் ஆபத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று 2009இல் எழுதினார்கள். உலகின் மற்றப் பக்கங்களில் அது மிக அரிது. ஐரோப்பியருக்காகத் தொகுத்த பட்டியலில் அதற்கு இடமில்லாமல் போனது புரிகிறது, ஆனால் அந்தப் பட்டியலை எங்களுக்கு விற்கும்போது சொல்லிவிட்டு விற்க வேண்டும்.

எங்களைப் பற்றிய தரவே உலகத்தில் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1000 ஜீனோம்ஸ் என்ற பெரிய பன்னாட்டுத் திட்டத்தில் 26 சனக்குழுக்களிலிருந்து 2504 பேரின் மரபணுத் தொகுதியை வாசித்து 2015இல் வெளியிட்டார்கள். அதில் ஒரு குழுவின் பெயரே "பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர்", நூறு பேரளவில். அதைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்கமாட்டேன். எங்களிடம் எந்த மாறுபாடு அரிது, எது அதிகம் என்று பார்க்க அந்தத் தரவு எவருக்கும் திறந்தே இருக்கிறது, கம்பனியும் பார்க்கலாம். ஆனால் எந்த மாறுபாடு எந்த நோயைத் தரும் என்று சொல்ல நூறு பேர் போதாது, ஆயிரக்கணக்கில் வேண்டும். அப்படிச் சேர்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு பிசிஎஸ்கே9 மரபணு நல்ல சாட்சி. கறுப்பின அமெரிக்கர் சிலரிடம் அந்த மரபணு வேலை செய்யாத ஒரு வடிவம் இருந்தது, அவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 28 வீதம் குறைவு, இருதயக் குழாய் நோய் 88 வீதம் குறைவு என்று 2006இல் தெரிந்தது. 2015இல் அந்த மரபணுவின் புரதத்தை மடக்கும் ஊசி மருந்துகள் சந்தைக்கு வந்தன, இப்போது எல்லா இனத்தவரும் பயன்படுத்துகிறார்கள். எங்களையும் எண்ணிக்கையில் சேர்த்துப் படித்தால் உலகத்துக்கும் ஏதோ கிடைக்கக்கூடும்.

தரவுப் பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. நாங்கள் வாங்கியது அதுவல்ல, ஆனால் இந்தத் துறையில் மிகப் பெயர்பெற்ற 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் ஏறக்குறைய 69 இலட்சம் பேரின் விபரங்கள் களவுபோயின, 2025 மார்ச்சில் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. ஒருவர் துப்பினால் அவருடைய சகோதரம், பிள்ளை எல்லோருடைய பாதித் தகவலும் அந்தக் குழாயோடு போகிறது என்பதை யோசித்து முடிவெடுங்கள். இன்னொரு கவலையும் உண்டு. தெரிந்த இடத்தில் சம்பந்தம் பேசும்போது பையனின் டிஎன்ஏ அறிக்கையைக் கேட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அதைத் தொடங்கிவிடாதீர்கள். மேலே சொன்ன புள்ளிகளை வைத்து ஒரு பிள்ளையை வேண்டாம் என்று சொல்வது அநியாயம், நாங்கள் ஏற்கெனவே பார்க்கிற பொருத்தங்களே போதும் போதும் என்றிருக்கிறது.

யாருக்கு இது சரிவரும் என்று கேட்டால், பூர்வீகம் பார்க்கும் ஆவல் உள்ளவர்கள், படிப்புக்காகத் தங்கள் தரவைத் தரவிறக்கி ஆராய விரும்புபவர்கள் வாங்கலாம். மூலத்தரவைத் தரவிறக்க விடுகிறார்கள், அது உண்மையில் நல்ல வசதி, நான் என்னுடையதை வைத்து வகுப்பில் ஒரு முழுப் பாடம் எடுத்தேன், பிள்ளைகள் அன்றைக்குக் கேட்ட கேள்விகளுக்கு மட்டும் இருநூறு டொலரில் ஒரு பங்கு பெறும். மற்றவர்கள், முக்கியமாக அப்பா அம்மாவுக்கு அனுப்ப நினைக்கும் பிள்ளைகள், அந்தக் காசை இங்கே ஒருவரிடம் கொடுத்து அவர்களைக் கூட்டிக்கொண்டுபோகச் சொல்லுங்கள். பிரஷர், சீனி, கொழுப்பு அரச வைத்தியசாலையில் இலவசமாகவே பார்க்கலாம். எல்பி லிட்டில் ஏயைத் தனியாரில் ஒரு தடவை. ஐம்பதுகளில் மாரடைப்பில் ஆள் போன குடும்பம் என்றால் சகோதரங்கள் எல்லோரும் பாருங்கள், வெளிநாட்டில் இருப்பவர்களும்.

எல்பிஏ விசயத்தையும் போர் என்ற தெரிவையும் அம்மாவின் கோப்பையும் பற்றிக் கம்பனிக்கு நீளமாக எழுதினேன். அம்மாவின் கோப்புக்கு மன்னிப்புக் கேட்டு அந்தக் கோளாறைத் திருத்தினார்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். படிவத்தைப் பற்றி "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வந்தது. எல்பிஏக்கு, இந்த முடிவு தெற்காசியருக்குப் பொருந்தாமல் இருக்கலாம் என்ற குறிப்பை அடுத்த திருத்தத்தில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் சேர்க்கவில்லை, ஆகவே அதுவரைக்கும் இந்த எழுத்தை உங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்.